ஈற்று

பெயர்ச்சொல். மாடு கன்று போடுதல். ‘ஈன்’ என்னும் வினையடியிலிருந்து வந்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘ஈனு’ என்றே வழங்குகிறது. ‘ஈற்றடி’யில் உள்ள ஈற்று வேறு, அது முடிவு என்று பொருள்படும் ‘ஈறு’ திரிந்தது.

பசுவின் வயதை ஈற்றைக் கொண்டும் சொல்வார்கள்: தலையீற்று, இரண்டாம் ஈற்று, மூன்றாம் ஈற்று.

ஒரே ஈற்றில் இரண்டு கன்று வந்தால் இரட்டை ஈற்று. மாட்டில் இது அரிது. இரண்டும் கிடேரி என்றால் கவலையில்லை. காளைக்கன்றோடு பிறந்த கிடேரியோ பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு. கருவில் இரண்டின் நஞ்சுக்கொடிகளும் இணைந்து இரத்தம் கலக்கிறது. ஆண்கருவின் சுரப்புகள் பெண்கருவின் சூலகத்தையும் கருப்பையையும் வளரவிடாமல் தடுக்கின்றன. 1916-இல் விலங்கியலாளர் ஃபிராங்க் லில்லி இதை விளக்கினார். தாய்க்கும் தொல்லைதான்: நஞ்சுக்கொடி விழத் தாமதமாகும், மறுசினை தள்ளிப்போகும்.

கிடேரி வாங்குகிறவர்கள் அது தாய்க்கு எத்தனையாம் ஈற்று என்பதோடு நிறுத்தாமல், கூடப் பிறந்தது காளையா என்றும் கேளுங்கள். ஆமென்றால், கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள்.