மும்முறை கொடி மாறிய கப்பல்

வங்கக் கடலின் வரலாறு கூறப் புகுவோர் சோழர் கலங்களைப் பெருமையுடன் பேசுவர், அது தகும். ஆயினும், பிரஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அக்கடலில் பொருத நாளில் ஓடிய சிறு கலமொன்றின் கதையும் நாம் அறியத்தக்கதேயாகும்.

1807-இல் பிரான்சின் செயின்ட் மாலோ துறைமுகத்தில் அது கட்டப்பெற்றது. பகைவரின் வணிகக் கப்பல்களைப் பிடிப்பதில் பெயர்பெற்ற சூர்க்கூப் என்பவரே அதன் தலைவர். 'மீண்டு வருபவன்' எனப் பொருள்படும் 'ரெவெனான்' என்பது அதன் பெயர். பாய்மர விரைவே அதன் வலிமை. பிரஞ்சுத் தீவு என அந்நாளில் வழங்கிய மொரீஷியசிலிருந்து புறப்பட்டு, வங்கக் கடலில் பல ஆங்கிலக் கப்பல்களை அது கைப்பற்றியது.

1808-இல் தீவின் ஆளுநர் அதனைக் கடற்படைக்கு எடுத்துக்கொண்டு, நெப்போலியன் வென்ற போர்க்களத்தின் பெயரால் 'இயேனா' என்றழைத்தார். அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள், 'மாடஸ்ட்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் அதனைத் துரத்திப் பிடித்தது. ஆங்கிலேயர் இட்ட பெயர் 'விக்டர்', அதாவது 'வென்றவன்'. அவ்வென்றவனை 1809 நவம்பர் 2-இல் 'பெல்லோன்' என்னும் பிரஞ்சுக் கப்பல் அதே வங்கக் கடலில் சிறைப்பிடித்தது!

1810 ஆகஸ்டில் மொரீஷியசின் கிராண்ட் போர்ட் துறையில் பெரும்போர் மூண்டது. முதலில் உள்நுழைந்த 'விக்டர்', ஆங்கிலக் குண்டுகளுக்கு ஆற்றாது கொடி தாழ்த்திற்று. பின்வந்த துணைக் கப்பல்களைக் கண்டு மீண்டும் கொடியேற்றிற்று. முடிவில் ஆங்கிலேயர் நான்கு பெரும் போர்க்கப்பல்களை இழந்தனர். எனினும் சென்னை உள்ளிட்ட இந்தியத் துறைகளிலிருந்தும் திரண்டு சென்ற படைக்கு, டிசம்பரில் தீவே பணிந்தது. துறையில் நின்ற 'விக்டரு'ம் மும்முறையாகக் கொடி மாறியது. அதன் பின்னர் அது போருக்குச் செல்லவில்லை.

கப்பலின் கதை இவ்வாறு முடிய, தீவில் நிலைத்தவர் யாவர்? 1730-களிலேயே பிரஞ்சுக்காரர் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தனர். கோட்டையின் மேல் கொடி மாறியபோது அவர்களுடைய கருத்தை எவரும் கேட்டிலர். பிரஞ்சு ஆட்சி 1810-இலும், ஆங்கில ஆட்சி 1968-இலும் அகன்றன. தமிழர் நிலைத்தனர். இன்றும் அத்தீவில் தைப்பூசம் அரசு விடுமுறை நாள். நாணயத்தாளில் தமிழெழுத்து உண்டு. பிறந்த மண்ணைப் பிரிந்து வாழும் நாம் மகிழத்தக்க செய்தி இதுவன்றோ!