குழந்தைக்கு மூக்கடைப்பு... ராத்திரி தூக்கமே இல்லையா? பழவேற்காடு வீடுகளில் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது?

வடகிழக்குப் பருவமழை தொடங்கி தை மாதப் பனி முடியும் வரை, பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் இது அடிக்கடி நடக்கிற கதை. பகலில் ஓடியாடி விளையாடிய ஒன்றரை வயதுக் குழந்தை, படுக்க வைத்ததும் கர்... கர்... என்று மூச்சு விடும். பால் குடிக்க வாய் வைக்கும், மூச்சு முட்டி விலகும், அழும். விடியும் முன்னே தொழிலுக்குப் போக வேண்டிய அப்பாவுக்கும் தூக்கம் போய்விடும்.

ராத்திரியில் மட்டும் ஏன் இப்படி?

மூக்கை அடைப்பது சளி மட்டும் இல்லை. மூக்கின் உள்சவ்வு வீங்குவதும் ஒரு காரணம். படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி அந்த வீக்கம் அதிகமாகிறது. குழந்தையின் மூக்குத் துவாரமோ மிகச் சிறியது. மூக்கைச் சிந்தவும் அதற்குத் தெரியாது. சின்னக் குழந்தைகளுக்கு வருஷத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே சரியாகும். அதுவரை குழந்தையைத் தூங்க வைப்பதுதான் நம்ம வேலை.

உப்புத் தண்ணீர் சொட்டு போதும்

மெடிக்கல் ஷாப்பில் 'சலைன் நாசல் டிராப்ஸ்' என்று கேளுங்கள். லேபிளில் சோடியம் குளோரைடு மட்டும் இருக்க வேண்டும். ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்று இருந்தால் அது வேறு மருந்து. டாக்டர் சொல்லாமல் குழந்தைக்கு விடக்கூடாது. ஒரே பிராண்டு பெயரில் இரண்டும் வருவதால் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் 2, 3 சொட்டு விட்டு ஒரு நிமிஷம் பொறுங்கள். இளகி வருவதை மெல்லிய துணியால் துடைக்கலாம், அல்லது ரப்பர் பல்ப் வைத்து மெதுவாக உறிஞ்சலாம். பால் கொடுக்கும் முன்பும், தூங்க வைப்பதற்குக் கால் மணி நேரம் முன்பும் செய்தால் பலன் தெரியும்.

கடை மூடிவிட்டதா? கொதித்து ஆறிய ஒரு டம்ளர் (240 மில்லி) தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பைக் கரைத்துப் பயன்படுத்தலாம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். 'கடல் தண்ணியும் உப்புதானே' என்று நினைத்துவிட வேண்டாம். கடல் நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், மூக்குக்குத் தேவையானது 1 சதவீதத்துக்கும் குறைவு. ஏரித் தண்ணீரில் கிருமியும் இருக்கும்.

கொசுவர்த்தியை அணையுங்க

ஏரிக்கரையில் கொசு இல்லாத வீடு ஏது? ஆனால் ஒரு கொசுவர்த்தி எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏற்கெனவே வீங்கிய மூக்கு இதைத் தாங்காது. சாம்பிராணி, விறகடுப்புப் புகைக்கும் இதே கதைதான். கொசுவலைதான் சரியான வழி.

வெளிநாட்டு இணையதளங்கள் ஹியூமிடிஃபையர் வாங்கச் சொல்லும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற வீட்டில் ஈரப்பதத்துக்குக் குறைவே இல்லை, காசை வீணாக்காதீர்கள். படுக்கும் முன் தோளில் சாய்த்து நிமிர்த்தி வைத்திருந்தாலே கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். தூளியில் தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சுப்பாதை குறுகலாம், அதனால் சளி இருக்கும் நாட்களில் பாயில் சமமாகப் படுக்க வையுங்கள்.

கற்பூரம் வேண்டவே வேண்டாம்

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவுவது பாட்டி காலத்துப் பழக்கம். ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் மூக்கு வழியாகவும் உடம்புக்குள் போகும்; சின்னக் குழந்தைக்கு வலிப்பையே வரவழைக்கும். கற்பூரம் கலந்த தைலங்களும் 2 வயதுக்குள் கூடாது. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். ஆவி பிடிக்க வைப்பதில் வெந்நீர் கொட்டி வெந்துபோகிற ஆபத்து உண்டு. தேன் ஒரு வயதுக்கு மேல்தான். அப்போது படுக்கும் முன் அரை டீஸ்பூன் கொடுத்தால் இருமல் குறையும்.

மிச்சமிருந்த சிரப்பைக் கொடுக்கலாமா?

கூடாது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் 2025-இல் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். அங்கே பேசப்பட்ட 'கோல்ட்ரிஃப்' சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. 2 வயதுக்குள் இருமல், சளி மருந்து கொடுக்கவே கூடாது, 5 வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய அரசு அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. கலப்படமே இல்லாத சிரப்பாக இருந்தாலும், இந்த வயதில் பலன் குறைவு, ஆபத்து அதிகம்.

விடியும்வரை காத்திருக்கலாமா?

இங்கேதான் ஊரின் தூரம் கணக்கில் வருகிறது. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு ராத்திரியில் வண்டி தேட வேண்டும். ஆந்திரப் பக்கமுள்ள இரக்கம் தீவு போன்ற ஊர் என்றால் முதலில் படகு வேண்டும். அதனால் தாமதிக்காமல் கணக்குப் பாருங்கள்: குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையை விலக்கி, போனில் ஒரு நிமிஷம் வைத்து மூச்சை எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, உதடு நீலமாவது, பால் தண்ணீர் எதையும் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு... இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐ உடனே அழையுங்கள். 2 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலே ஆஸ்பத்திரிதான். சந்தேகம் கேட்க மட்டும் என்றால் 104.

இன்னொன்று. ஒரே ஒரு பக்க மூக்கில் நாற்றத்துடன் சளி வந்தால் உள்ளே பாசிமணியோ புளியங்கொட்டையோ சிக்கியிருக்கலாம். நீங்களே குச்சி விட்டு எடுக்கப் பார்க்காதீர்கள்.