ஆறு புள்ளியும் ஒரு எழுத்தாணியும்



போன கிழமை ஒரு வாப்பா சொன்னார்: "அந்த மெஷினெல்லாம் எக்கச்சக்க விலை சேர், எங்களுக்கு ஏலாது." கண் தெரியாத மகள் வீட்டிலேயே இருக்கிறாள். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்னது பெர்க்கின்ஸ் பிரெயிலர். 1951இல் அமெரிக்காவில் வந்தது, ஐந்து கிலோ அளவு பாரம். நல்ல சாமான்தான். ஆனால் லூயி பிரெயில் தன் 15ஆவது வயதில், 1824இல், ஆறு புள்ளி முறையை உருவாக்கியபோது அப்படி மெஷின் எதுவும் இல்லை. குழிகள் உள்ள ஒரு பலகை, ஒரு எழுத்தாணி, தடித்த தாள். பழைய கலண்டர் தாளும் போதும். பின்பக்கமாகக் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால் இடமிருந்து வலமாக வாசிக்கலாம். மத்ரஸாவில் ஓதும் நம் பிள்ளைகளுக்கு வலமிருந்து எழுதுவது புதிதா என்ன!

நம் நாட்டில் மேரி செப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி 1912இல் விழிப்புலனற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். இன்றும் இரத்மலானையில் இருக்கிறது, கல்கிசைக்குக் கிட்டத்தான்.

அந்தக் காலத்தில் பெரிய சிக்கல் பலகையின் விலை அல்ல. இந்தியாவில் மட்டும் பத்துக்கும் மேற்பட்ட பிரெயில் முறைகள் இருந்தன. ஒரு முறையில் படித்தவருக்கு மற்றதை வாசிக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் புத்தகம் அச்சடித்தால் விலை எப்படிக் குறையும்?

1951இல் யுனெஸ்கோ பெய்ரூத்தில் கூட்டம் போட்டது. இந்த வேலையை முன்நின்று நடத்தியவர் கிளூதா மெக்கன்சி, நியூசிலாந்துக்காரர். 1915இல் கலிப்போலியில் உதுமானியப் படையோடு நடந்த போரில் பார்வையை இழந்தவர். அவரே அரபு மொழிக்கும் சேர்த்துப் பாடுபட்டார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பலன் இதுதான்: தமிழ் 'ம', சிங்கள 'ம', அரபு 'மீம்' மூன்றுக்கும் 1, 3, 4 என்ற அதே புள்ளிகள். 'ல'வும் 'லாமு'ம் 1, 2, 3. பிரெயில் குர்ஆனையும் இடமிருந்து வலமாகத்தான் விரல் தடவி ஓதுகிறது. ஒரே பலகையில் பாடசாலையும் நடக்கும், மத்ரஸாவும் நடக்கும்.

பலகை வாங்கும் வரை முட்டைத் தட்டில் ஆறு குழியை வெட்டி எடுத்து, போளை வைத்துப் பழக்கலாம். அந்த வாப்பாவுக்கு நேற்று ஒன்று வெட்டிக் கொடுத்தேன். மகள் முதலில் கேட்டது தன் பெயரின் முதல் எழுத்தைத்தானாம்.