இலங்கை வானொலியில் ஒட்டிய குரல்

1967-இல் புதுச்சேரியில் அகில இந்திய வானொலி நிலையம் வந்தது. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டு வால்வு ரேடியோவுக்குப் பேய் பிடித்தது. இலங்கை வானொலியை வைத்தால், பாட்டுக்குப் பின்னால் உள்ளூர் நிலையத்துக் குரல் மெல்லக் கேட்கும். இலங்கை நிலையம் ஒலிபரப்பை முடித்ததும் அந்தக் குரலும் கூடவே மறைந்துவிடும். ரேடியோ இடைஞ்சலுக்குப் பிரெஞ்சில் 'பராசித்' என்று பெயர். ஒட்டுண்ணி என்று பொருள். எங்கள் பேய்க்குப் பொருத்தமான பெயர்தான்.

அப்பா மூன்று முறை ரிப்பேர்க்காரரிடம் தூக்கிப்போனார். வால்வுகூட மாற்றிப் பார்த்தாயிற்று. "ஐயா, செட்டில் பழுது இல்லை" என்றார் அவர். அப்பா கோபித்துக்கொண்டு, பாக்கி ஏழு ரூபாயைத் தராமலே வந்துவிட்டார்.

பிறகு எனக்கு எழுத்தர் வேலை கிடைத்து, அதே ரேடியோவுடன் பாலக்கோடு வந்தேன். புதுச்சேரியிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. இலங்கை வானொலி சுத்தமாகக் கேட்டது!

காரணத்தைப் பழைய ரேடியோ புத்தகங்களில் தேடிப் படித்தேன். வால்வு என்பது வரும் அலையை ஒரே அளவில் பெருக்கித்தர வேண்டும். பக்கத்து நிலையத்தின் வலுவான அலை உள்ளே புகுந்தால், அதன் ஏற்ற இறக்கத்துக்குத் தக்கபடி பெருக்கும் அளவும் கூடிக் குறையும். அந்த அசைவு இலங்கை அலையின் மேல் பதிந்துவிடும். பதிய ஓர் அலை வேண்டுமே! அதனால்தான் இலங்கை நின்றதும் குரலும் நின்றது.

இந்தத் தொல்லை எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1930-லேயே அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பாலன்டைன், எச். ஏ. ஸ்னோ என்ற இருவர் இதற்கு வழி சொன்னார்கள். வால்வுக்குள் கிரிட் என்ற கம்பிச் சுருள் உண்டு. அதைச் சீராகச் சுற்றாமல் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் இடைவெளி விட்டும் சுற்றினார்கள். அதனால் பெருக்கும் அளவு சட்டென்று வெட்டுப்படாமல் படிப்படியாகக் குறைந்தது. குரல் ஒட்டுவதும் வெகுவாகக் குறைந்தது. அடுத்த ஆண்டே அந்த வகை வால்வுகள் விற்பனைக்கு வந்தன. ஆனாலும் நிலையம் மிக அருகில் இருந்தால் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது ரிப்பேர்க்காரரிடம் ஏழு ரூபாயைக் கொடுத்தேன். அவர் சிரித்தார்.

"ஏரியல் கம்பியைக் குறைக்கச் சொன்னேன் தம்பி. நீளமா இருந்தாத்தானே இலங்கை எடுக்கும்னு உங்க அப்பா கேக்கலை."

அவர் சொன்னது சரிதான். உள்ளே வரும் வலுவான அலையைப் பாதியாகக் குறைத்தால், இப்படி ஒட்டும் குரல் கால்வாசியாகிவிடும். அப்பா மாடியில் கட்டியிருந்த அந்த நீளக் கம்பிதான் புதுச்சேரி நிலையத்தை வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறது. இதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பாக்கியைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.