108 இல்ல, 100 மணி

எங்க ஆவுடையார்கோவில் பக்கம் எங்க பார்த்தாலும் வயலும் கண்மாயும்தான். ஒசரம்னா கோயில் கோபுரம் மட்டும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் இமயமலை ட்ரெக்கிங் போறேன்னு ஷூ, ஜாக்கெட்னு லிஸ்ட் போட்டுக்கிட்டு இருந்தப்போதான் நயின் சிங் ராவத் பத்திப் படிச்சேன். மனுஷன் ரெண்டு வருஷம் தயாராகியிருக்கார் மக்களே!

அப்போ திபெத்துக்குள்ள வெள்ளைக்காரன் நுழைய முடியாது. அதனால சர்வே அதிகாரி மாண்ட்கோமரி 1863-ல் குமாவுன் மலைக்காரரான நயின் சிங்கையும் அவர் பங்காளி ஒருத்தரையும் சேர்த்து டேராடூனில் பயிற்சி கொடுக்க வச்சார். முக்கியமான பாடமே நடைதான். ஏத்தமோ இறக்கமோ, ஒவ்வொரு அடியும் ஒரே நீளம். ஜெபமாலையில் 108-க்குப் பதிலா 100 மணி. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளணும், ஒரு சுத்து முடிஞ்சா பத்தாயிரம் அடி. குறிப்பெல்லாம் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள்ள, பாதரசம் சோழிக்குள்ள. தண்ணி எத்தனை டிகிரியில் கொதிக்குதுன்னு பார்த்து உயரத்தைக் கணக்குப் போடணும். மாட்டினா உசுருக்கு உத்தரவாதம் கிடையாது. 1866 ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்துட்டார். 1877-ல் லண்டன் ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டி தங்க மெடல் கொடுத்துச்சு.

உயரத்துக்குப் பழகுற வேலை மட்டும் அவருக்குத் தேவைப்படல. சொந்த ஊர் மிலம் இருக்கிறதே 3,400 மீட்டர் உயரத்துல! நமக்கு அப்படியே தலைகீழ். அடி எண்ண வாட்ச் இருக்கு, உடம்புக்குத்தான் பழக்கமில்ல. 3,000 மீட்டர் தாண்டிட்டா, ராத்திரி தங்குற இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தாதீங்கன்றாங்க டாக்டர்கள். நாங்க பார்த்த பேக்கேஜ்ல ஒரே நாள்ல 900. கேட்டா, நிறைய பேருக்கு லீவு கிடைக்கிறதில்லையாம் :-) நான் கூட ரெண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துட்டேன்.