கழிமுகம் கொண்டுவந்த நகரம்

வில்லிங்டன் தீவிலிருந்து பாலம் கடந்து தோப்பும்படிக்கு வந்து சேரும் பயணிகளில் பெரும்பாலோர் வலப்பக்கம் திரும்பி மட்டாஞ்சேரிக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் போய்விடுகிறார்கள். அங்கே அவர்களுக்குக் காட்டப்படுபவை: முதலில் மரத்தால் அமைத்து 1516 வாக்கில் எடுத்துக் கட்டிய புனித பிரான்சிஸ் தேவாலயம், போர்ச்சுகீசியர் 1555-இல் கட்டிக் கொடுத்து டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனை, 1568-இல் எழுந்த பரதேசி யூதர்களின் ஜெப ஆலயம். மூன்றுமே வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு வந்தவை. இவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், ஐரோப்பியன் வந்துதான் கொச்சி உண்டாயிற்று என்று நம்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அது தவறான முடிவு. அதற்கு முந்தைய கொச்சிக்கு, ஒன்றரை நூற்றாண்டு வாழ்ந்த ஓர் இடைக்காலத் துறைமுகத்துக்கு, சாட்சிகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி காயலிலும் கழிமுகத்திலும் வயல்வெளியிலும் கிடக்கிறது. இயற்கையைப் பார்க்க ஒரு நாள், வரலாற்றைப் பார்க்க இன்னொரு நாள் என்று பிரித்துக்கொண்டு வருகிறவருக்கு இந்த ஊர் பிடிபடாது.

முதல் சாட்சி ஒரு மௌனம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரையைக் கடந்த மார்க்கோ போலோ கொல்லத்தைப் பற்றி எழுதுகிறார். கொச்சி என்ற பெயர் அவரிடம் இல்லை. 1320-களில் வந்த ஒதோரிக் பாதிரியார் பந்தலாயினியையும் கொடுங்கல்லூரையும் கொல்லத்தையும் குறிப்பிடுகிறார். கொச்சியை அவரும் சொல்லவில்லை. மிளகு வாங்கும் ஊர்களை ஒன்றுவிடாமல் கேட்டறிந்த பயணிகள் ஒரு நல்ல துறைமுகத்தை மறந்துபோவார்களா? அன்று அப்படி ஒரு துறைமுகம் இல்லை என்பதுதான் பொருத்தமான விடை. நூறு ஆண்டு கழித்து, 1440-ஐ ஒட்டி வந்த வெனிஸ் வணிகர் நிக்கோலோ கோன்டி, ஆற்றின் வாயில் ஐந்து மைல் சுற்றளவில் அமைந்த நகரம் என்று கொச்சியை எழுதுகிறார். இந்த நூறாண்டுக்குள் என்ன நடந்தது?

எல்லோரும் சொல்லும் பதில், 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளம். வெள்ளம் கொடுங்கல்லூர் முகத்துவாரத்தை மண்ணால் தூர்த்து, சுமார் 35 கி.மீ. தெற்கே கொச்சியில் புதிய வாசலைத் திறந்தது. இடையில் வைப்பின் தீவு உருவாயிற்று என்பார்கள். அந்தத் தீவில் ‘புதுவைப்பு’ என்ற ஆண்டுக்கணக்கே 1341-லிருந்து எண்ணப்பட்டது. இதை மறுப்பவர்களிடம் வலுவான காரணங்கள் உண்டு. வெள்ளத்தை நேரில் கண்டு எழுதியவரின் குறிப்பு நம் கையில் இல்லை. வெள்ளம் வந்ததாகச் சொல்லும் காலத்தை ஒட்டி இதே காயல் வழியாகக் கோழிக்கோட்டிலிருந்து கொல்லத்துக்குப் பத்து நாள் படகில் போன இப்னு பதூதா, வழியில் யூதர் வாழும் ஒரு குன்றைச் சொல்கிறார், கொச்சியைச் சொல்லவில்லை. சுற்றுலாக் கையேடுகள் எழுதுவதுபோல அந்த வெள்ளம் சங்க கால முசிறியை அழித்திருக்கவும் முடியாது. 2007 முதல், முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரில் நடந்த அகழாய்வு, அங்கே கடல் வணிகம் ஓங்கியிருந்த காலம் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளே என்று காட்டிவிட்டது. 1341-இல் நலிந்தது முசிறி அல்ல, இடைக்காலக் கொடுங்கல்லூர். அதுவும் ஒரேயடியாக மாண்டுபோகவில்லை. போர்ச்சுகீசியர் பின்னர் அதன் அருகே கோட்டப்புறத்தில் கோட்டை கட்டும் அளவுக்கு உயிரோடிருந்தது.

இந்த மறுப்புகளை ஏற்றுக்கொண்டாலும் அடிப்படை அசையவில்லை. ஒரே இரவில் துறைமுகம் பிறந்தது என்ற கதை மட்டும்தான் விழுகிறது. ஆறு திசை மாறும், வாய் தூரும், வேறோர் இடத்தில் வாய் திறக்கும். கப்பல்காரனும் வணிகனும் அதைக் கவனித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் பெயர்வார்கள். பெரியாறு எவ்வளவு செய்யக்கூடியது என்பதை 2018 ஆகஸ்டில் ஆலுவாயும் வடக்குப் பறவூரும் கண்டன; நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஐரோப்பாவிலும் இப்படி ஒரு நகரம் உண்டு. பெல்ஜியத்தின் புரூஜ் நகருக்கு 1134-ஆம் ஆண்டுப் புயல் ஸ்வின் என்ற கடல்வாயைத் திறந்துவிட்டது. அந்த வாயால் அது செழித்தது; 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் வாய் தூர்ந்து வணிகம் ஆன்ட்வெர்ப்புக்குப் போயிற்று. இன்று ஸ்வின் பறவைகள் வந்து தங்கும் பாதுகாக்கப்பட்ட சதுப்பு நிலம். அந்த நகரத்தின் ஏற்ற இறக்கத்துக்குக் காரணத்தை அங்கே மண்ணிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கொச்சிக்குத் திரும்புவோம். ஜெப ஆலய வளாகத்தின் சுவரில் எபிரேய எழுத்துப் பொறித்த ஒரு கல் பதித்திருக்கிறது. ஆலயத்துக்குள் தொங்கும் விளக்குகளையும் தரையில் பாவிய நீலச் சீன ஓடுகளையும் பார்க்க விரைகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் கல் இந்த ஆலயத்தைச் சேர்ந்ததே அல்ல. மட்டாஞ்சேரியின் கொச்சங்காடியில் இருந்து மறைந்த பழைய ஆலயத்தினுடையது. அதன் ஆண்டு யூதக் கணக்கில் 5105, நம் கணக்கில் 1344-45. வெள்ளம் வந்ததாகச் சொல்லும் ஆண்டுக்கும் இதற்கும் மூன்று நான்கு ஆண்டுதான் இடைவெளி. அவ்வளவு விரைவில் வழிபாட்டு இடம் எழுந்ததென்றால் அங்கே முன்பே குடியிருப்பு இருந்திருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிறு குடியிருப்பு ஒன்று இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். புதிய கழிமுகம் அதை ஊராக்கியது. 1405-ஐ ஒட்டிப் பெரும்படப்பு அரசகுலம் தன் தலைமையிடத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டதும் இந்தப் படிப்படியான வளர்ச்சியோடு ஒத்துப்போகிறது.

மிகச் செழிப்பான சாட்சி சீனத்திலிருந்து வருகிறது. 1413-இல் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பற்படையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த மா ஹுவான் கொச்சியைப் பற்றி எழுதும்போது அரசனையும் மழையையும் ஒரே அக்கறையோடு எழுதுகிறார். ஆண்டின் தொடக்க மாதங்களில் ஓரிரு மழை. அதைக் கண்டதும் சனங்கள் வீட்டைச் செப்பனிட்டு உணவு சேர்த்துவைக்கிறார்கள். பிறகு ஐந்தாம் ஆறாம் மாதங்களில் இரவு பகலாகக் கொட்டும் மழை, கடைத்தெருவே ஆறாக ஓடுவது, வெளியே கால் வைக்க முடியாத நாட்கள். இன்றைய தோப்பும்படிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மிளகை வாங்கிச் சேர்த்து வைத்து அந்நிய வணிகருக்கு விற்கும் செட்டிகளையும் அவர் காட்டுகிறார். முக்குவரைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படித்தால் மனம் கொதிக்கிறது: மீன் பிடித்தும் சுமை தூக்கியும் பிழைத்த அவர்களின் குடிசை மூன்று அடிக்கு மேல் உயரக் கூடாது, மீறினால் தண்டனை; மேல்தட்டார் எதிரே வந்தால் தரையில் விழுந்து கிடக்க வேண்டும். இடைக்காலக் கொச்சியின் கட்டடங்கள் எங்கே என்று கேட்பவர்களுக்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. ஓலையும் மூங்கிலும் நூற்றாண்டுகள் தாங்காது. நகரைத் தாங்கியவர்கள் உயர்த்திக் கட்ட அனுமதியும் இல்லை. 1503-இல் போர்ச்சுகீசியர் எழுப்பிய முதல் கோட்டைகூட மரத்தாலானதுதான்.

எனவே தோப்பும்படியில் இடப்பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். தெற்கே கும்பளங்கியிலும் செல்லானத்திலும் பொக்காளி நெல் வயல்கள் இருக்கின்றன. பருவமழை உப்பைக் கழுவியபின் ஜூனில் மண் குவியல்மேல் விதை முளைக்கும். நாற்றை மண்ணோடு வெட்டி வயலெங்கும் பரப்புவார்கள். அக்டோபரில் கதிரை மட்டும் அறுத்துத் தாளை நீரில் விட்டுவிடுவார்கள். மதகு திறந்து உப்புநீர் ஏற, அந்தத் தாள் அழுகி இறால் குஞ்சுக்கு இரையாகும். மா ஹுவான் எழுதிய மழைக்கணக்கு இங்கே இன்றும் வேலை செய்கிறது. எல்லோரும் படம் பிடிக்கும் சீன வலையை மட்டும் நான் சாட்சியாக அழைக்க மாட்டேன். சீனர் கொண்டுவந்தது என்பாரும் மக்காவ் துறைமுகத்திலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது என்பாரும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியாக ஓர் எதிர்ப்பு. இன்று காணும் துறைமுகம் 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ செய்தது. வில்லிங்டன் தீவே தோண்டிய மண்ணால் ஆனது. இதில் இடைக்கால இயற்கை எங்கே என்று கேட்பார்கள். ஆனால் பிரிஸ்டோ வெட்டியது எதை? முகத்துவாரத்தின் குறுக்கே ஆறும் கடலும் சேர்ந்து போட்டு வைத்திருந்த மணல் திட்டை. அதை வெட்டிய பிறகே 1928 மே 26 அன்று ‘பத்மா’ கப்பல் உள் துறைமுகத்துக்குள் வந்தது. மணலும் அத்தோடு ஓயவில்லை. இன்றும் ஆண்டுதோறும் பெருஞ்செலவில் கப்பல் வழியைத் தூர்வாரிக்கொண்டுதான் இருக்கிறார்கள். தூர்வாரும் பணி சில பருவங்கள் நின்றால் பெரிய கப்பல் எதுவும் உள்ளே நுழைய முடியாது.