கொய்ப்பு: கொண்டுவந்தவர் யார்?

இங்கிலாந்தின் நோர்போக் சதுப்புநிலங்களில் முன்பு பெருகியிருந்த கொய்ப்பு என்ற பிராணியை 'அந்நிய ஆக்கிரமிப்பாளன்' என்று எழுதுவது வழக்கம். இச்சொல் வரலாற்றின் பாதியை மறைக்கிறது என்பதே என் கருத்து.

கொய்ப்பு தென்னமெரிக்காவுக்குரியது. ஐந்தாறு கிலோ எடையும், செம்மஞ்சள் முன்பற்களும், பின்னங்கால் விரல்களிடையே சவ்வும் கொண்ட, பெருச்சாளியிலும் பன்மடங்கு பெரிய கொறிக்கும் விலங்கு. நீர்க்கரையில் வளை தோண்டி, நாணலையும் நீர்த்தாவர வேர்களையும் தின்று வாழும். தாயின் முலைக்காம்புகள் விலாவில் உயரே இருப்பதால் அது நீரில் மிதக்கையிலும் குட்டிகள் பால் குடிக்கலாம்.

இது தானாக வரவில்லை. உரோம வியாபாரத்துக்காக 1929இல் கொண்டுவரப்பட்டுப் பண்ணைகளில் அடைக்கப்பட்டது. சில தப்பின. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் பண்ணைகள் மூடப்பட்டன, தப்பியவை பெருகின. இவ்வாறே உரோமத்துக்காகக் கொண்டுவரப்பட்ட மஸ்க்ராட்டுக்கு எதிராக 1932இலேயே சட்டம் வந்தது. அது முப்பதுகளிலேயே ஒழிக்கவும்பட்டது. கொய்ப்பு அச்சட்டத்தினுள் சேர்க்கப்பட்டதோ 1962இல்தான். அந்தத் தாமதத்துக்கு விலங்கா பொறுப்பு?

சேதம் உண்மை என்பதை மறுப்பதற்கில்லை. நாணற்காடுகள் அழிந்தன, பீற் பயிர் தின்னப்பட்டது, வெள்ளந்தடுக்கும் கரைகள் வளைகளால் பலமிழந்தன. 1962–63 கடுங்குளிரில் பெருந்தொகையானவை மடிந்தும் எஞ்சியவை மீண்டும் பெருகின. 1981இல் இறுதி முயற்சி தொடங்கியது. 24 பொறிகாரர் கூண்டுப்பொறிகளோடு அமர்த்தப்பட்டனர். கடைசி விலங்கு பிடிபட்டால் அவர்களின் தொழிலும் முடிந்துவிடும். ஆகவே காலத்துக்கு முன் முடித்தால் பெருந்தொகை ஊக்கப்பணம் என்று ஏற்பாடாயிற்று. 1989இல் ஒழிப்பு நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது.

இதை அகதிக்கு உவமையாக்கும் ஆசை எனக்கும் எழுந்தது. ஆனால் அந்த உவமை ஆபத்தானது. ஒரு சதுப்புநிலம் எத்தனை கொய்ப்புகளைத் தாங்கும் என்பது உயிரியற் கேள்வி. அதை மனிதருக்குப் பொருத்துபவர்களே எங்களையும் 'பெருகுகிறார்கள்' என்கிறார்கள். அவர்களுடைய சொல்லை நாங்களே கடன்வாங்குவதா?

நான் எடுத்துக்கொள்வது வேறொன்று. உரோமத்தின் இலாபம் பண்ணைக்காரருக்கு என்று தொடங்கியது. ஒழிப்பின் செலவு பொதுமக்களின் தலையில் விழுந்தது. பழியோ விலங்கின் பெயரில் எழுதப்பட்டது. 'யார் வந்தார்' என்பதோடு நின்றுவிடாமல், 'யார் கொண்டுவந்தார், யார் கைவிட்டார்' என்றும் கேட்கவேண்டும். இதில் மாறுபடுவோர் எழுதட்டும்.